என் மகள் அழுத நாற்பது விநாடி

நியூ ஜெர்சியில் இந்த வெஸ்ட் வின்ட்சருக்குக் குடிவந்த மூன்றாவது வருடம் நான் தமிழ் எழுத்துக் காந்தங்கள் செய்து விற்க ஆரம்பித்தேன். ஃப்ரிட்ஜ் கதவில் குழந்தைகள் ஒட்டி விளையாடுவார்களே, அந்த மாதிரி. ஆங்கில எழுத்துகள் எந்தக் கடையிலும் கிடைக்கும். தமிழில் நான் தேடிப் பிடித்தவற்றில் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் மட்டும்தான் இருந்தன. அவற்றை வரிசையாக அடுக்கலாம், ‘அம்மா’ என்றுகூட எழுத முடியாது. நான் கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனிக் காந்தங்களாக வெட்டினேன். ‘த’வுக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் வைத்தால் ‘தொ’ வந்துவிடும். உகர வரிசைதான் பாடாய்ப் படுத்தியது. கு ஒரு மாதிரி வளையும், சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி. அவற்றை முழு எழுத்துகளாகவே செய்ய வேண்டியிருந்தது. வெட்டும் இயந்திரம் சாப்பாட்டு மேசையின் பாதியைப் பிடித்துக்கொண்டது. நாங்கள் மூன்று பேரும் மீதிப் பாதியில் சாப்பிட்டோம்.

கல்யாணத்துக்கு முன் சென்னையில் மென்பொருள் கம்பெனியில் இருந்தேன். அமெரிக்கா வந்தபிறகு வேலை பார்க்க அனுமதி கிடைக்கவே ஏழு வருடம் ஆனது. அனுமதி வந்ததும் நேர்காணல்களுக்குப் போனேன். எல்லோரும் அந்த ஏழு வருடத்தில் என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்டார்கள். பிள்ளை பெற்று வளர்த்தேன் என்றால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். அதனால் அந்தக் காந்தங்கள் எனக்கு வெறும் விளையாட்டுச் சாமானாக இருக்கவில்லை.

செய்வது ஒரு பங்கு வேலை என்றால் அதை நாலு பேர் கண்ணில் படவைப்பது மூன்று பங்கு வேலை. கடைக்கென்று ஒரு பக்கம் தொடங்கினேன். ஜன்னல் ஓரம் வெள்ளைத் தாள் விரித்துப் படம் எடுத்தேன். எந்த நேரத்தில் போட்டால் அதிகம் பேர் பார்ப்பார்கள், எந்தப் பாட்டைச் சேர்த்தால் ரீல் ஓடும் என்றெல்லாம் சொல்லித்தரும் காணொளிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தேன். என் பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்களில் பெரும்பாலோர் சொந்தக்காரர்கள், மீதி கல்லூரித் தோழிகள். எல்லோரும் தவறாமல் ஒரு இதயத்தைப் போட்டுவிட்டுப் போவார்கள். ஒருவரும் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகள் போகும் தமிழ்ப் பள்ளியில் இன்னொரு அம்மா எனக்குப் பழக்கம். ஆம்பூர்க்காரர். வீட்டிலிருந்தே கேக் செய்து விற்றுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரத்தில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேரும் வியாபாரக் கதை பேசுவோம். என் ரீல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“பொருளை யாருப்பா பார்க்கறா? ஆளைத்தான் பார்க்கறாங்க. என் கேக்கை மட்டும் போட்டா முப்பது லைக் வரும். என் பையன் முட்டை உடைக்கறேன்னு தரையெல்லாம் கொட்டினதைப் போட்டேன், அன்னிக்கே நாலு ஆர்டர். உங்க பொண்ணை வச்சு எடுங்க.”

வீட்டில் சொன்னபோது என் கணவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. “எட்டு வயசுப் பொண்ணு. ஊர்ல இருக்கறவங்க எல்லாம் பார்க்கணுமா?” என்றார்.

“ஊரா? நூறு பேர் பார்க்கறாங்க. அதுல எண்பது பேர் உங்க சித்தி, பெரியப்பா வீடு.”

மகளிடம் கேட்டேன். எங்கள் வீட்டில் நான் தமிழில் பேசுவேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அம்மா, பசிக்குது, தூக்கம் வருது, போதும் போன்ற சில சொற்கள் மட்டும் தமிழில் வரும். அவள் பேசியதை இங்கே நான் தமிழிலேயே எழுதுகிறேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீ போடறதுக்கு முன்னாடி நான் பார்ப்பேன். நான் ஓகே சொன்னாதான் போடணும்,” என்றாள். நானும் சரி என்றேன். விரலோடு விரல் கோத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

முதல் நாலைந்து காணொளிகள் சந்தோஷமாகத்தான் போயின. ‘தோசை’ என்று எழுதிவிட்டு அதில் சட்னி ஊற்றுவதுபோல நடிப்பாள். அப்பாவின் பெயரைத் தப்பாக எழுதிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். ஒவ்வொன்றையும் பார்த்து, ஒன்றிரண்டை வேண்டாம் என்று ஒதுக்கி, மற்றதற்கு ஓகே சொன்னாள். அவளைப் பார்த்தே இரண்டு மூன்று ஆர்டர்கள் வந்தன. நானும் அவளும் சேர்ந்து பொட்டலம் கட்டினோம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வெளியே மழை. ‘மழை’ எழுது என்றேன். எழுத்துகளைச் சரியாக எடுத்து ஒட்டிவிட்டாள். படிக்கச் சொன்னேன். “மலை” என்றாள். “ழை” என்றேன். “லை.” நாக்கை உள்ளே மடித்துக் காட்டினேன். அவளும் மடித்துப் பார்த்தாள். அப்போதும் லைதான் வந்தது. முதலில் சிரித்தாள். ஏழெட்டு முறை ஆனதும் காது மடல் சிவந்துவிட்டது. நான் போனைக் கீழே வைத்திருக்க வேண்டும். இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரே தடவை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் நாக்கை விரலால் பிடித்து வெளியே இழுத்தாள். கண்ணில் நீர் கட்டி வழிந்தது. “மை டங் இஸ் ப்ரோக்கன், அம்மா,” என்றாள். என் நாக்கு உடைந்துபோய்விட்டது, அம்மா.

போனை வைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டேன். என் தோளில் முகத்தைப் புதைத்தபடி, “இதைப் போடாதே,” என்றாள். “போட மாட்டேன்டா கண்ணா,” என்றேன்.

செவ்வாய்க்கிழமை அவள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில் போட்டேன்.

மூன்று வாரமாக ஒரு ஆர்டர்கூட வந்திருக்கவில்லை. பழைய காணொளிகளை அழிக்கலாம் என்று போனைத் திறந்தவள் அதைப் பார்த்தேன். முன்னும் பின்னும் வெட்டினால் நாற்பது விநாடி வந்தது. பார்க்கும்போது எனக்கே கண் கலங்கியது. இதைப் பார்க்கும் ஒவ்வொரு அம்மாவும் வாங்குவாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. எப்படியும் நூறு பேர்தான் பார்க்கப்போகிறார்கள், அவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்றும் நினைத்தேன்.

மறுநாள் காலை அவளைப் பல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் பையில் இருந்த போன் விடாமல் அதிர்ந்தது. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து எடுத்தேன். யார் யாரோ இதயம் போட்டிருந்தார்கள். கீழே விரலால் இழுக்க இழுக்க முடிவே இல்லை. கலிபோர்னியா, டெக்சாஸ், சிங்கப்பூர், மலேசியா, மதுரை என்று எங்கிருந்தெல்லாமோ. வெள்ளிக்கிழமைக்குள் வெட்டி வைத்திருந்த பெட்டிகள் அத்தனையும் தீர்ந்தன. நான் சந்தோஷப்பட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும். அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனதும் வெட்டுவேன், கட்டுவேன், அவள் பஸ் வருவதற்குள் எல்லாவற்றையும் மேலே அறையில் வைத்து மூடுவேன். எட்டு வயதுப் பெண்ணிடமிருந்து ஒளித்துக்கொண்டு கடை நடத்தினேன்.

முதல் இரண்டு நாள் வந்த பேச்சுகள் அன்பானவை. என் பையனும் இப்படித்தான், என் பேத்தியும் இப்படித்தான் என்று எழுதினார்கள். பிறகு வேறு மாதிரி ஆட்கள் வந்தார்கள். டாலருக்குப் போனவர்களுக்குத் தமிழ் எதற்கு என்றார் ஒருவர். பெற்ற பிள்ளையை அழவைத்துக் காசு பார்க்கிறாள் என்று எழுதியிருந்தாள் ஒரு பெண். அந்த ஒரு வரியை நான் அழித்தேன். அது உண்மையாக இருந்ததால் அழித்தேன். அடுத்த வாரம் என் காணொளியை எடுத்து, கேலிப் படம் போடும் பக்கங்கள் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டன. அவள் நாக்கை இழுக்கும் இடத்தில் ஒரு சிரிப்புச் சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். பெரிய மீசை வைத்த ஆண்கள் அவளைப் போலவே நாக்கைப் பிடித்துக்கொண்டு, “மை டங் இஸ் ப்ரோக்கன், அம்மா” என்று நடித்துப் போட்டார்கள்.

ஒரு சாயங்காலம் என் கணவர் வேலையிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறையில் நின்றார். நியூயார்க்கில் வேலை, பிரின்ஸ்டன் ஜங்ஷனிலிருந்து ரயிலில் போய்வருவார்.

“ட்ரெயின்ல பக்கத்து சீட்ல ஒருத்தர். போன்ல ஏதோ பார்த்துட்டிருந்தார். நம்ம பொண்ணு குரல் கேட்டுது. திரும்பிப் பார்த்தேன். அவர் சிரிச்சிட்டிருந்தார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்ன சொல்லணும்? அது என் பொண்ணு, சிரிக்காதீங்கன்னா?” பையைக் கீழே வைத்துவிட்டு, “அவ ஓகே சொன்னாளா?” என்று கேட்டார்.

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் திட்டவில்லை. மாடிக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்து அவள் காரில் ஏறினாள். பெல்ட் போட்டுக்கொண்டாள். வழக்கமாகக் கேட்கும் பாட்டைக் கேட்கவில்லை. “என்னடா, டீச்சர் என்ன சொல்லிக்கொடுத்தாங்க?” என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு வந்ததும் நேராக அறைக்குப் போனாள். அன்று இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது படியில் நின்று, “ஐம் நாட் ஹங்ரி, மாம்,” என்றாள்.

பிறந்ததிலிருந்து அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

என்ன நடந்தது என்று ஆம்பூர்க்காரர் மறுநாள் போனில் சொன்னார். அவர் பையனும் அதே வகுப்பு. ஆசிரியை வருகைப் பதிவு எடுக்கும்போது இவள் பெயரைக் கூப்பிட்டதும் பின்வரிசைப் பையன்கள் ஒவ்வொருவராக நாக்கைப் பிடித்துக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொன்னார்களாம். ஆசிரியை அதட்டினாராம். ஆனால் முதலில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டதாம்.

“என் புள்ளையும் சேர்ந்து சொல்லியிருக்கான்ப்பா. ரெண்டு அடி வச்சேன்,” என்றார். பிறகு, “உங்க பொண்ணை வச்சு எடுங்கன்னு நான் சொல்லியிருக்கவே கூடாது,” என்றார்.

“நீங்க எடுக்கத்தான் சொன்னீங்க. இதைப் போட்டது நான்.”

போனை வைத்ததும் அந்தக் காணொளியை அழித்தேன். ஒரு நொடி வேலை. என் பக்கத்திலிருந்து அது போய்விட்டது. தேடிப் பார்த்தால் வேறு இருபது இடத்தில் இருந்தது. ஒவ்வொன்றாகப் புகார் கொடுக்க ஆரம்பித்தேன். படத்தில் இருப்பது என் குழந்தை, அனுமதியில்லாமல் போட்டிருக்கிறார்கள் என்று எழுதினேன். ஓரிரண்டு எடுக்கப்பட்டன. மற்றவற்றுக்கெல்லாம் ஒரே பதில் வந்தது. உங்கள் புகாரைப் பரிசீலித்தோம், இது எங்கள் விதிகளுக்கு முரணானது அல்ல. எழுதியது மனிதரா இயந்திரமா என்றுகூடத் தெரியவில்லை. மனிதராக இருந்தால் கெஞ்சலாம் என்று தேடினேன். பேசுவதற்கு ஒரு போன் எண்கூடக் கிடைக்கவில்லை.

பிறகு அந்தப் பக்கங்களை நடத்துபவர்களுக்கே செய்தி அனுப்பினேன். பெரும்பாலும் பதில் வராது. ஒரு பையன் உடனே பதில் போட்டான். “அக்கா, ஏன் எடுக்கணும்? உங்க ஷாப்பை டேக் பண்ணி விடறேன். ஃப்ரீ ப்ரமோஷன் தானே.” என் மகள் அழுகிறாள் தம்பி என்று எழுதினேன். “அதான் அக்கா வைரல் ஆச்சு,” என்று எழுதினான். கேலிக்காகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. எனக்கு உதவி செய்வதாகத்தான் அவன் நினைத்தான். இன்னொருவர், நீங்கள்தான் அந்த அம்மா என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். காணொளியில் நான் இல்லை. என் குரல் மட்டும்தான் இருந்தது, இன்னும் ஒரே தடவை என்று சொல்லிக்கொண்டு.

என் கணவர் அலுவலகத்தில் சட்டம் தெரிந்த ஒருவரிடம் விசாரித்தார். முதலில் பொதுவில் போட்டது நீங்கள்தானே என்று அவர் கேட்டாராம். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

மகளிடம் போய் உட்கார எனக்கு இன்னும் மூன்று நாள் ஆனது. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் தன் அறைத் தரையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நானும் தரையில் உட்கார்ந்தேன். “அம்மா சத்தியத்தை மீறிட்டேன். தப்பு. மன்னிச்சுக்கோ,” என்றேன்.

அவள் பென்சிலை வைக்கவில்லை. “எத்தனை பேர் பார்த்தாங்க?”

“தெரியலடா.”

“ஆயிரம்?”

“அதுக்கு மேல.”

“அவங்க எல்லார்கிட்டயும் அழிக்கச் சொல்லு.”

“சொன்னேன். கேட்க மாட்டேங்கறாங்க.”

“நீதானே போட்ட?”

“நான்தான் போட்டேன். இப்ப அது என்கிட்ட இல்ல.”

“பின்ன யார்கிட்ட இருக்கு?”

அவள் சிறிது நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று அதுவரை நினைத்திருப்பாள் போல. பிறகு, “நான் ஹோம்வொர்க் முடிக்கணும்,” என்றாள். நான் எழுந்து வந்தேன்.

அந்தப் பருவத்தோடு தமிழ்ப் பள்ளியை நிறுத்தினோம். அவள் கேட்கவில்லை. ஞாயிறு காலையில் வயிற்றுவலி என்று மூன்று வாரம் படுத்தாள், நாங்களே புரிந்துகொண்டோம். பசிக்குது, போதும் எல்லாம் நின்றுபோயின. நான் தமிழில் கேட்டால் தலையாட்டுவாள், அல்லது ஆங்கிலத்தில் ஒரு சொல். தமிழ்க் குழந்தைகள் தமிழ் எழுத வேண்டும் என்று காந்தம் செய்தவள் வீட்டில் இப்படி. ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த எழுத்துகளை ஒருநாள் நானே எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன்.

கடையை உடனே விட எனக்கு மனம் வரவில்லை. என் கைகளை மட்டும் காட்டி நாலைந்து காணொளிகள் எடுத்துப் போட்டேன். இப்போது என்னைப் பின்தொடர்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் எந்தக் காணொளியும் ஓடவில்லை. கீழே ஒரே கேள்விதான் வந்தது. பாப்பா எங்கே? பாப்பாவைக் காட்டுங்க. பாப்பாவுக்கு இப்ப ழ வந்துடுச்சா? அன்பாகத்தான் கேட்டார்கள். நான் ஒருவருக்கும் பதில் எழுதவில்லை. ஒரு கட்டத்தில் போடுவதை நிறுத்திவிட்டேன். இப்போதும் எப்போதாவது ஒரு ஆர்டர் வரும். கட்டி அனுப்புவேன். பக்கம் அப்படியே கிடக்கிறது.

அந்தக் கேலியும் தானாகவே ஓய்ந்தது. நான் கொடுத்த புகார்களால் அல்ல. வேறு யாரோ குழந்தையோ கிழவரோ கிடைத்திருப்பார்கள், கூட்டம் அங்கே போய்விட்டது. ஆறேழு மாதத்தில் புதிதாக எதுவும் வரவில்லை. மகள் மெல்ல மெல்லப் பழையபடி சிரிக்கத் தொடங்கினாள். நீச்சல் வகுப்பில் சேர்ந்தாள். ஒருநாள் காய்ச்சலில் என்னை அம்மா என்றாள். காய்ச்சல் விட்டதும் மறுபடி மாம்.

போன கோடையில் நானும் அவளும் இந்தியக் கடைக்குப் போயிருந்தோம். இப்போது அவளுக்குப் பத்து வயது, என் தோள் வரை வந்துவிட்டாள். நான் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் வெண்டைக்காய் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி அவளையே உற்றுப் பார்த்தார்.

“நீ அந்தப் பாப்பாதானே? நாக்கைப் பிடிச்சிட்டு அழுவியே, அந்த வீடியோ?” என்றார். முகம் முழுக்கச் சந்தோஷம். “உன்னை எங்க வீட்ல எல்லாருக்கும் அவ்ளோ பிடிக்கும்மா.”

நான் இடையில் நுழைய வாய் திறந்தேன். அதற்குள் மகள் பதில் சொல்லிவிட்டாள். ஆங்கிலத்தில், மரியாதையாக. “அது நான் இல்ல ஆன்ட்டி. அது என் தங்கச்சி.”

“அப்படியா? அப்படியே உன்னை மாதிரியே இருப்பாளே,” என்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “அவ வரலையா?”

“வீட்ல இருக்கா,” என்றாள் மகள். “அவளுக்கு வெளிய வரப் பிடிக்காது.”

எனக்கு ஒரே பெண். அந்தப் பெண்மணி ஆமாம் என்ற சொல்லுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளும் பார்த்தாள்.

“ஆமாங்க, சின்னவ வீட்ல இருக்கா,” என்றேன்.

அவர் தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். மகள் என்னிடமிருந்த முருங்கைக்காய்களை வாங்கி வண்டியில் வைத்தாள். அடுத்து என்ன வாங்க வேண்டும் என்று கேட்டாள். தயிர் என்றேன். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தாள், நான் பின்னால் போனேன்.